டம்ளருக்குள் மிதக்கும் டி.என்.ஏ.

"டாக்டர், இது நிஜமாவே கீழாநெல்லிதானா?"

ஆனைக்குட்டத்திலிருந்து வந்த ஒரு தாய், பச்சைப் பொடிப் பொட்டலத்தை நீட்டினார். சின்ன மகனுக்கு மஞ்சள் காமாலை. செடியாக இருந்தால், இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காயைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பொடியில் என்ன தெரியும்?

கூட வந்த மூத்தவன் எட்டாம் வகுப்பு. "டி.என்.ஏ. பார்த்தா தெரியும்னு எங்க டீச்சர் சொன்னாங்க சார்" என்றான். பையன் சொன்னது சரிதான்!

இலை, தண்டு, பழம் என்று தாவரத்தின் ஒவ்வொரு பாகத்திலும், அது இன்ன செடி என்று சொல்லும் மரபுப் பொருள் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. இதை முதலில் பிரித்தவர் மீஷர் என்ற சுவிஸ் நாட்டுக்காரர். 1869-ல், ஜெர்மனியில், சீழ் படிந்த கட்டுத் துணிகளிலிருந்து பிரித்தார். நமக்கு ஒரு வாழைப்பழம் போதும்.

செய்து பாருங்கள்

நன்றாகக் கனிந்த பாதி வாழைப்பழத்தை மசித்துக் கொள்ளுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் ஷாம்பு சேர்த்து, நுரை வராமல் கலக்குங்கள். இதில் பழத்தைக் கரைத்து, பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

வடிநீரைக் கண்ணாடி டம்ளரில் இரண்டு விரற்கடை ஊற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டை பாட்டிலோடு ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்துக் குளிர வையுங்கள். அதே அளவு ஸ்பிரிட்டை, டம்ளரின் ஓரமாக மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களில் மேல் அடுக்கில் வெள்ளையாக, பஞ்சு நூல் போல எழும்பும். ஈர்க்குச்சியால் சுற்றி எடுக்கலாம்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கலவையை வாயில் வைக்கவும் கூடாது.

ஏன் இப்படி?

ஷாம்பு, பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது போல, செல்லின் கொழுப்பு உறையைக் கரைக்கிறது. உப்பு, டி.என்.ஏ. இழைகள் ஒன்றுசேர உதவுகிறது. தண்ணீரில் கரையும் டி.என்.ஏ. ஸ்பிரிட்டில் கரையாது, அதனால் திரண்டு வெளியே வருகிறது. கூடவே புரதமும், பழத்தின் பெக்டின் பசையும் ஒட்டிக்கொண்டு வரும்.

பொட்டலத்துக்கு விடை?

இந்த வெள்ளை நூலைக் கண்ணால் பார்த்து எந்தச் செடி என்று சொல்ல முடியாது. வாழையானாலும் கீழாநெல்லியானாலும் நூல் ஒரே மாதிரிதான். ஆய்வுக் கூடத்தில் டி.என்.ஏ.வைச் சுத்தம் செய்து, அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்கு பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிடுகிறார்கள்.

தேவைதானா என்கிறீர்களா? தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை ஆராய்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. 76 சதவீத மாதிரிகளில்தான் கீழாநெல்லி பெரும்பகுதியாக இருந்தது. மற்றவற்றில் மேலாநெல்லி போன்ற உறவுச் செடிகள்! ஏமாற்றத்தான் என்று சொல்வதற்கில்லை. பறிப்பவர் கண்ணுக்கே ஒன்று போலத் தெரியும் செடிகள் அவை.

அந்தத் தாயிடம் பொட்டலத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன். முதலில் ரத்தப் பரிசோதனை; காமாலைக்குக் காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து. நீங்களும் மூலிகையைப் பொடியாக வாங்காதீர்கள். இலையும் காயுமாக முழுச் செடியாக வாங்கி, அடையாளம் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு வாழைப்பழச் சோதனையைச் செய்து காட்டுங்கள். பெயரை நம்பி வாங்காமல், பொருளைச் சோதித்து வாங்கும் பழக்கம் அங்கேயே தொடங்கட்டும்.