ஹப்பிள் தொலைநோக்கியின் ஒரு நாள்: விண்வெளியில் வேலை செய்யும் 486 கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில நாட்களிலேயே கேட்கும் கேள்வி இது: "இந்த வேகம் எனக்குப் போதுமா? இதைவிட நல்ல பிராசசர் வாங்கியிருக்க வேண்டுமோ?" இதற்குப் பதில் தேடி பூமிக்கு மேலே சுமார் 500 கி.மீ. உயரத்திற்குச் சென்று வரலாம். அங்கே 1990 ஏப்ரலில் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி சுற்றிக் கொண்டிருக்கிறது. அதன் அன்றாட வேலைகளைத் தெரிந்துகொண்டால், கம்ப்யூட்டரைப் பற்றிய சில அடிப்படைப் பாடங்களும் நமக்குக் கிடைக்கும்.

1. விண்வெளியில் ஒரு 486

ஹப்பிளில் முக்கியமாக இரண்டு கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஒன்று, தொலைநோக்கியைத் திருப்புவது, மின்சாரத்தைக் கவனிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் பிரதான கம்ப்யூட்டர். மற்றொன்று, கேமராக்களையும் பிற அறிவியல் கருவிகளையும் கவனிக்கும் பேலோடு கம்ப்யூட்டர்.

1999 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று பிரதான கம்ப்யூட்டரை மாற்றினார்கள். புதிதாகப் பொருத்தியது 25 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இன்டெல் 486 பிராசசர். அப்போது கடைகளில் பென்டியம் 3 விற்றுக் கொண்டிருந்தது. ஆனாலும், பழைய கம்ப்யூட்டரைவிட இது 20 மடங்கு வேகமானது. விண்வெளியில் கதிர்வீச்சைத் தாங்கி நம்பகமாக இயங்குவதுதான் முக்கியம். எனவேதான் நன்கு சோதித்துப் பார்த்த பழைய பிராசசரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2. வேலைப் பட்டியல் எப்படித் தயாராகிறது?

யாரோ ஒருவர் பூமியில் அமர்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஹப்பிளைத் திருப்புவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லாமே முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல்படி நடக்கிறது.

எந்த நாட்டு விஞ்ஞானியும் ஹப்பிளைப் பயன்படுத்த விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றில் ஐந்தில் ஒன்று தேறுவதே கடினம். தேர்வானவர்கள், ஏ.பி.டி. என்ற இலவச சாப்ட்வேரைத் தங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி, எந்த நட்சத்திரம், எந்தக் கேமரா, எந்த பில்டர், எத்தனை விநாடி என எல்லா விவரங்களையும் அதில் நிரப்பி அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஸ்பேஸ் டெலஸ்கோப் சயின்ஸ் இன்ஸ்டிடியூட், இவற்றை வாரம் வாரம் கால அட்டவணையாக அமைக்கிறது. பின்னர் இவை கட்டளைகளாக மாற்றப்பட்டு, நாசாவின் கோடார்டு மையத்திலிருந்து ஹப்பிளின் கம்ப்யூட்டருக்கு அனுப்பப்படுகின்றன. ஹப்பிள் அவற்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, குறித்த நேரம் வந்ததும் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஆன்ட்டி வைரஸ் ஸ்கேன் செய்ய நேரம் குறித்து வைப்பதைப் போன்றதுதான் இது.

3. ஒரு சுற்று, 95 நிமிடங்கள்

ஹப்பிள் சுமார் 95 நிமிடங்களில் பூமியை ஒரு முறை சுற்றுகிறது. ஒரு நாளில் 15 சுற்றுகள். ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ பாதி நேரம், பார்க்க வேண்டிய பொருளைப் பூமியே மறைத்துவிடும். தென் அமெரிக்காவுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே செல்கையில் மின்னேற்றத் துகள்கள் அதிகம் தாக்கும். அந்த நேரத்தில் படம் எடுப்பதைத் தவிர்க்கிறார்கள். பட்டியலைத் தயாரிக்கும்போதே இவை அனைத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

திரும்பும் வேகமும் மிகக் குறைவு. கடிகாரத்தின் நிமிட முள் நகரும் வேகம்தான். 90 டிகிரி திரும்ப சுமார் 15 நிமிடங்கள் ஆகும். எரிபொருள் எதுவும் கிடையாது. உள்ளே உள்ள கனமான சக்கரங்களை ஒரு பக்கமாகச் சுழற்றினால் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் திரும்பும்.

திரும்பிய பின், வழிகாட்டி நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றை வைத்தே ஆடாமல் நிற்கிறது. இதற்கெனச் சுமார் 1 கோடியே 90 லட்சம் பொருட்கள் கொண்ட ஒரு பட்டியலை முன்பே தயாரித்தார்கள். 1989ல் அது இரண்டு சி.டி.க்களில் வெளியானது!

4. படம் பூமிக்கு வரும் வழி

ஹப்பிளில் முதலில் இருந்தவை டேப் ரிக்கார்டர்கள். 1997லும் 1999லும் அவற்றில் இரண்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகங்கள் இல்லாத நினைவகங்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவு 12 கிகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 12ஐ 8ஆல் வகுக்க வேண்டும். ஆக, 1.5 ஜிபி. ஒரு டிவிடியில் கொள்வதைவிடக் குறைவு. எனவே அவ்வப்போது தகவல்களைப் பூமிக்கு இறக்கி, இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

ஹப்பிள் தகவலை முதலில் உயரத்தில் உள்ள டி.டி.ஆர்.எஸ். செயற்கைக்கோள்களுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸ் நிலையம், பிறகு கோடார்டு மையம், கடைசியாகப் பால்டிமோர்.

வருவது வண்ணப் படம் அல்ல. ஒவ்வொரு பில்டருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 2009ல் பொருத்திய கேமராவின் படத்தில் சுமார் 1.6 கோடி பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சலுக்கு 2 பைட் வீதம் ஏறத்தாழ 32 எம்.பி. இப்படிப் பல படங்களுக்கு நிறம் கொடுத்து இணைத்துத்தான், நாம் வால்பேப்பராக வைக்கும் வண்ணப் படத்தை உருவாக்குகிறார்கள்.

5. கம்ப்யூட்டர் நின்று போனால்?

2021 ஜூன் 13 அன்று பேலோடு கம்ப்யூட்டர் திடீரென நின்றது. "நான் நலமாக இருக்கிறேன்" என்று அது அனுப்பும் சிக்னல் வராததைக் கண்ட பிரதான கம்ப்யூட்டர், கருவிகள் அனைத்தையும் தானாகவே சேப் மோடுக்குக் கொண்டு சென்றது. விண்டோஸிலும் சேப் மோட் உண்டு அல்லவா? பிரச்சினை பெரிதாகாமல், மிகத் தேவையானதை மட்டும் இயக்கும் நிலை அது.

முதலில் பொறியாளர்கள் நினைவகத்தைச் சந்தேகித்தார்கள். மாற்று நினைவகத்திற்கு மாறியும் பயனில்லை. இறுதியில் மின்சாரம் வழங்கும் பகுதியில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பேலோடு கம்ப்யூட்டருக்கு 5 வோல்ட் மின்சாரத்தைச் சீராகத் தருவது அதன் வேலை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். செய்வதும் இதே வேலைதான். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றால் ரேம் மட்டுமே காரணம் என முடிவு செய்யாதீர்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஐயும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஸ்பேஸ் ஷட்டில் பயணங்கள் 2011லேயே முடிந்துவிட்டதால், நேரில் சென்று பழுது பார்க்க வழியில்லை. காப்பாற்றியது பேக் அப்தான். முக்கியப் பாகங்களுக்கு மாற்றுப் பாகம் ஹப்பிளிலேயே இருக்கிறது. ஜூலை 15ல் மாற்று மின்பகுதிக்கு மாறினார்கள். ஜூலை 17ல் படம் எடுக்கும் வேலை மீண்டும் தொடங்கியது.

2024ல் திசையறியும் ஜைரோ ஒன்று பழுதானது. அந்த ஆண்டு ஜூன் முதல் ஒரே ஒரு ஜைரோவை வைத்து இயக்கத் தொடங்கினார்கள். இதனால் வேலைத்திறன் சுமார் 12 சதவீதம் குறையும் என நாசா கணக்கிட்டது. ஆனால் வேலை நிற்கவில்லை.

6. நீங்களும் பார்க்கலாம்

ஹப்பிள் இந்த நேரத்தில் எதைப் பார்க்கிறது என அறிய, இன்டர்நெட் தேடலில் "ஸ்பேஸ் டெலஸ்கோப் லைவ்" என ஆங்கிலத்தில் டைப் செய்து அந்தத் தளத்தைத் திறந்திடுங்கள். பொருளின் பெயர், கேமரா, நேரம் ஆகியவை அங்கு கிடைக்கும்.

எடுத்த படங்கள் மாஸ்ட் என்ற சேமிப்பகத்தில் உள்ளன. விண்ணப்பித்த விஞ்ஞானிக்கான தனி உரிமைக் காலம், பொதுவாக ஆறு மாதங்கள், முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேடும் கட்டத்தில் எம்51 போன்ற பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து என்டர் தட்டுங்கள். முதலில் சிறிய பிரிவியூ படத்தை மட்டும் பாருங்கள். முழு பைல் எப்.ஐ.டி.எஸ். வகையில் இருக்கும், அளவும் பெரிது, சாதாரணப் படம் பார்க்கும் புரோகிராமில் திறக்காது. எப்.ஐ.டி.எஸ். லிபரேட்டர் என்ற இலவச சாப்ட்வேர் தேவை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 25 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர், 1.5 ஜிபி நினைவகம். இவற்றை வைத்தே ஹப்பிள் பல்லாண்டுகளாக அரிய படங்களை அனுப்பி வருகிறது. அதற்குக் காரணம் மூன்று: வேலையை முன்கூட்டியே திட்டமிடுவது, நினைவகத்தை அவ்வப்போது காலி செய்வது, எதற்கும் ஒரு பேக் அப் வைத்திருப்பது. உங்கள் கம்ப்யூட்டரின் வேகம் இதைப்போல் பல மடங்கு. இந்த மூன்று பழக்கங்களை இன்றே தொடங்கிவிடுங்கள்.