மலைநகரும் புற்றுநோய்க் கணக்கும்

தென்னமெரிக்காவிலுள்ள ஈக்குவடோர் நாட்டின் தலைநகராகிய கீற்றோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,850 மீற்றர் உயரத்தில் அமைந்தது. நம் நாட்டின் அதியுயர் சிகரமாகிய பிதுருதலாகலையும் அதற்குத் தாழ்ந்ததே. அந்நகரில் 1984ஆம் ஆண்டு முதல் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்பட்டு வருகின்றது. உயரத்தில் வாழ்வோரை இந்நோய் எவ்வாறு பற்றுகின்றதென அறிய விழைவோர்க்கு அஃது ஓர் அரிய கருவூலம்.

நோயாளரின் தொகையை மட்டும் எண்ணி இரு நகரங்களை ஒப்பிடுதல் தகாது. முதியோர் மலிந்த ஊரில் புற்றுநோயும் மலியும். ஆகவே, வயதுப் பரம்பலை ஒன்றாக்கி, இலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் எத்துணைப் புதிய நோயாளர் என்றே கணித்தல் வேண்டும்.

இவ்வாறு கணித்தவிடத்து, அந்தீசு மலைநாட்டில் இரைப்பைப் புற்றுநோய் மிகுந்து காணப்படுகின்றது. காரணம் உயரமோ? அண்டை நாடாகிய கொலம்பியாவின் நரீஞ்ஞோ மாநிலம் இதற்கு விடை பகர்கின்றது. அங்கு மலைவாழ் மக்களில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 150 பேரை இந்நோய் பற்ற, சில நூறு கிலோமீற்றருக்குள் அமைந்த கடற்கரையில் 6 பேரளவிலேயே பற்றியது. இரைப்பையில் உறையும் எலிக்கோபற்றர் என்னும் பற்றீரியாவோ இருசாராரிலும் பெரும்பாலாரிடம் உண்டு. 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, மனிதரின் மரபுவழியும் பற்றீரியாவின் மரபுவழியும் பொருந்தாதவிடத்து இரைப்பைப் புண்பாடு கடுமையாதலைக் காட்டிற்று. கடற்கரையில் ஆபிரிக்க வழியினர் ஆபிரிக்க வழிக் கிருமியோடு பெரிதும் இணங்கி வாழ்கின்றனர். மலையில் அவ்விணக்கம் குலைந்துள்ளது. உணவும் தன் பங்கைச் செய்யும். ஆயின் உயரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாம் ஒருப்படோம்.

கீற்றோப் பெண்களிடம் தைரொயிட்டுப் புற்றுநோயும் மிக அதிகம். கழுத்தை மீயொலியாற் சோதிக்குந்தோறும், ஒருபோதும் தீங்கு விளைக்காதிருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளும் கணக்கில் ஏறும். எனவே உயர்ந்த எண் யாவும் உயர்ந்த ஆபத்து அன்று. தேவையற்ற சத்திரசிகிச்சைக்கு ஆளாகும் பெண்ணுக்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

தோலைப் பொறுத்தவரை, உயரம் ஓரளவு பொறுப்பேற்கவே வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் ஊதாக் கடந்த கதிர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் மிகும். கீற்றோவோ மத்திய கோட்டை அடுத்துள்ள நகர்.

உயரத்தின் கைவண்ணத்தை ஐயமறக் காண விரும்பின், கழுத்து நாடி இரண்டாகக் கிளைக்கும் இடத்தை நோக்குக. குருதியின் ஒட்சிசனை அளந்தறியும் அரிசியளவான உறுப்பொன்று ஆண்டு உள்ளது. ஒட்சிசன் குன்றிய வளியில் வாழ்வோரில் அது ஓயாது உழைத்துப் பருக்கும். சிலரிற் கட்டியாகவும் மாறும். பேரு நாட்டு மலைவாழ்நரில் இக்கட்டி பன்மடங்கு மிகுதி என 1973இல் அறிவிக்கப்பட்டது. இக்கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல.