அரை இன்ச் ஸ்க்ரூவும் ஆயிரம் ரூபாய் பூட்டும்

எங்க வீட்டுக்காரர் திருச்சியில ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். மதியம் அவர் சாப்பிடப் போற நேரத்துல கல்லாவுல நான் உட்காருவேன். பூட்டு வாங்க வர்றவங்கள்ல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சவங்க. இன்னொண்ணு, போன வாரம் வீட்டுல திருட்டுக் கொடுத்தவங்க. இந்த ரெண்டாவது ரகம் விலையே கேட்க மாட்டாங்க. "இருக்கறதுலயே பெரிய பூட்டா எடுங்கக்கா"ன்னு நிப்பாங்க.

அவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, "பழைய பூட்டு என்னாச்சு?" முக்கால்வாசிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான்: "பூட்டு பூட்டினபடி தொங்குதுக்கா. கொண்டிதான் பேந்து வந்துருச்சு."

இதைத்தான் நான் பார்க்குற தங்கச்சிங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சுது. நம்ம ஊர் மாங்காய் பூட்டை உடைக்கணும்னா ஒருத்தன் நின்னு மல்லுக்கட்டணும். ஆனா அந்தப் பூட்டைத் தாங்குற ஆல்ட்ராப் இருக்கே, அதைக் கதவுல பிடிச்சிருக்குறது என்னன்னு பார்த்திருக்கீங்களா? அரை இன்ச் ஸ்க்ரூ நாலு. சுண்டு விரல் நக அளவுதான் இருக்கும். மேல பளபளன்னு தலை தெரியுது, உள்ள மரத்தைப் பிடிச்சிருக்குறது கொஞ்சூண்டு. கடப்பாரை முனையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினா, பூட்டும் கொண்டியும் ஜோடியா கையில வந்துரும்.

பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் எண்ணி வைக்கிறவங்க, ஸ்க்ரூ விஷயத்தை ஆசாரி கையில விட்டுடுவாங்க. அவர் டப்பாவுல என்ன கிடக்கோ அதைத்தான் முடுக்குவார். அதனால ஆசாரிகிட்ட வாய் திறந்து சொல்லுங்க. ஆல்ட்ராப்புக்கு ஸ்க்ரூ வேண்டாம், கதவைத் துளைச்சுக்கிட்டு உள்ளே வர்ற போல்ட்டு வேணும், நட் வீட்டுக்குள்ள இருக்கணும். வெளியில வழுவழுன்னு உருண்டைத் தலை மட்டும் தெரியணும், ஸ்பேனர் பிடிக்கவே இடம் இருக்கக் கூடாது. நிலையில அடிக்கிற பட்டைக்கு ரெண்டு இன்ச்சுக்குக் குறையாத ஸ்க்ரூ போடச் சொல்லுங்க. எல்லாம் சேர்த்தாலும் பூட்டு விலைக்குப் பக்கத்துல கூட வராது.

தொங்கு பூட்டுல இன்னொரு தொந்தரவு இருக்கு. "வீட்டுல ஆள் இல்லை"ன்னு அது தெருவுக்கே சொல்லிக்கிட்டிருக்கும். கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு போட்டுட்டா, ஆள் உள்ளே இருக்காங்களா இல்லையான்னு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. வாடகை வீடா இருந்தா ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. குடி வந்த அன்னிக்கே பழைய பூட்டை மாத்துங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எத்தனை டூப்ளிகேட் சாவி போட்டாங்கன்னு ஓனருக்கே தெரியாது.

முன்வாசலுக்கு மூணு பூட்டும் ஒரு கிரில் கேட்டும் போட்டுட்டு, மொட்டை மாடிக்குத் தகரக் கதவோ பிளாஸ்டிக் கதவோ போட்டு ஒரே ஒரு தாழ்ப்பாளோட விடுற வீடுகளை நிறையப் பார்த்துட்டேன். பாத்ரூம் வென்டிலேட்டர், கொல்லைக் கதவு, பக்கத்து வீட்டு சன்ஷேடுன்னு வழி பல. ஒரு நாள் திருடன் கண்ணோட உங்க வீட்டைச் சுத்தி வாங்க. வெள்ளையடிக்க எடுத்த ஏணி கொல்லையில சாய்ஞ்சு நிக்குதா? தென்னைக்குக் குழி தோண்டின கடப்பாரை வெளியிலேயே கிடக்குதா? அவனுக்கு வேண்டிய சாமானை எல்லாம் நாமளே எடுத்து வெச்சிருக்கோம்.

சாவியைப் பத்தி சொன்னா சிரிப்புதான் வரும். துளசி மாடத்துக்குப் பின்னாடி, ஈ.பி. மீட்டர் பெட்டிக்குள்ள, செருப்பு ஸ்டாண்டுல பழைய ஷூக்குள்ள... இந்த மூணு இடத்தையும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம், அவனுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டாம். உள்ளே நுழைஞ்சா, பீரோ சாவி பீரோ தலையிலேயே இருக்கும். இல்லேன்னா தலையணைக்கு அடியில. சாவியை நம்பிக்கையான ஒரு ஆள் கையில கொடுங்க, இல்லேன்னா கூடவே எடுத்துட்டுப் போங்க. மூணாவது இடம் கிடையாது.

ஊருக்குப் போறப்போ வீடு பூட்டிக் கிடக்குதுன்னு காட்டிக் கொடுக்குறதுல முதல் ஆள் கோலம். தினமும் கோலம் போடுற வாசல்ல நாலு நாள் வெறும் தரைன்னா, தெருவுல காய்கறி வண்டி தள்ளுறவங்களுக்கே தெரிஞ்சுடும். எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட, "போற போக்குல என் வாசல்லயும் நாலு புள்ளி வெச்சுடு"ன்னு சொல்லிட்டுப் போங்க. பாலையும் பேப்பரையும் நிறுத்துங்க. வாசல் லைட்டைப் போட்டுவிட்டுப் போறவங்க நிறைய பேர். பட்டப்பகல்லயும் எரியுற லைட்டு, ஆள் இல்லைங்கிறதுக்கு போர்டு மாட்டின மாதிரி. சாயங்காலம் தானா எரிஞ்சு காலையில அணையுற டைமர் கடையில கிடைக்குது. அப்புறம் இந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கொடைக்கானல்ல எடுத்த போட்டோவைத் திரும்பி வந்த பிறகு போடுங்க, அதுக்குள்ள ஏரி வத்திடாது. நாலு நாளுக்கு மேல போறதா இருந்தா உங்க ஏரியா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. ரோந்து போறவங்க அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்ப்பாங்க. கூச்சப்பட வேண்டியதில்லை, போலீஸே கேட்டுக்குற விஷயம்தான் இது.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். திருட்டுப் போனதும் முதல்ல கை நீளுறது வீட்டு வேலைக்கு வர்ற அம்மா பக்கம். பத்து வருஷமா பாத்திரம் தேய்ச்ச கையை ஒரே நாள்ல திருட்டுக் கையாக்கிடுறோம். எங்க சொந்தத்துலயே இப்படி ஒண்ணு நடந்துச்சு. காணாமப் போனதா நினைச்ச வளையல் மூணு மாசம் கழிச்சு அரிசி டிரம்ல கிடைச்சுது, ஒளிச்சு வெச்சவங்களுக்கே மறந்துபோயிருக்கு. அந்த அம்மா அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரல.

நகைக்கு வருவோம். லாக்கர்ல வெச்சுட்டா முழுத் தொகைக்கும் பேங்க் பொறுப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில இருக்குற ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ, கட்டடம் இடியுறது, ஊழியர் மோசடின்னு எதுவா இருந்தாலும் பேங்க் கொடுக்க வேண்டியது லாக்கரோட வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான். வாடகை 3,000 ரூபாய்னா, 3 லட்சம். இன்னிக்கு விலைக்கு அது எத்தனை பவுனுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அப்படியே இருந்தாலும் பீரோவை விட லாக்கர் எவ்வளவோ மேல்.

ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுங்க. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கின ஹால்மார்க் நகையில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறிச்சிருப்பாங்க. கண்ணாடி வெச்சுப் பார்த்து அதையும் எழுதிக்கோங்க. பில்லோட நகலை அம்மா வீட்டுல ஒரு செட் வைங்க. நகையோட சேர்த்து பில்லையும் அதே பீரோவுல வெச்சு, ரெண்டையும் ஒண்ணா தொலைச்சவங்க எங்க கஸ்டமர்லயே இருக்காங்க. வீடு தேடி வந்து நகை பாலிஷ் போட்டுத் தர்றேன்னு சொல்றவங்களை கேட்டுக்கு உள்ளேயே விடாதீங்க. அவங்க முக்குற திரவத்துல தங்கம் கரைஞ்சு இறங்கிடும். நகை பளபளன்னு வரும், எடை குறைஞ்சிருக்கும்.

வண்டிக்கு அதிகம் சொல்ல ஒண்ணும் இல்லை. சைடு லாக் ஒரு உதைக்குக் கூடத் தாங்காது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் லாக்கோ, கம்பத்தோட சேர்த்துக் கட்டுற சங்கிலியோ சேர்த்துப் போடுங்க. கேட்டைத் திறக்குற ஒரு நிமிஷம்தானேன்னு ஸ்கூட்டியில சாவியை விட்டுட்டு இறங்காதீங்க. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வெச்சிருந்தா வண்டி திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும் கம்பெனிக்காரங்க ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேப்பாங்க, அதனால ரெண்டாவது சாவி எங்க இருக்குன்னு இப்பவே தேடி வைங்க. கார் வெச்சிருக்குறவங்க பேங்க்லேர்ந்து பணம் எடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போங்க. வழியில டீ வேண்டாம். "உங்க நோட்டு கீழ விழுந்திருக்கு சார்"னு யாராவது சொன்னா குனியாதீங்க. கண்ணாடி ஏத்தி வெச்சிருக்கே, பை சீட்டுல இருந்தா என்னன்னு நினைக்காதீங்க. உண்டிவில்லு வெச்சு இரும்புக் குண்டு அடிச்சா பெரிசா சத்தம் இல்லாம நொறுங்குற கண்ணாடி அது.

கடை வெச்சிருக்குற தங்கச்சிங்களுக்கு: ராத்திரி கல்லாவைக் காலி பண்ணி, டிராயரைத் திறந்தே போட்டுட்டு வாங்க. பூட்டி வெச்சா உள்ளே ஏதோ இருக்குன்னு நினைச்சு உடைப்பான், நாலாயிரம் ரூபாய் டேபிள் போயிடும். ஷட்டருக்கு ரெண்டு ஓரத்துலயும் பூட்டி நடுவுல விட்டுடுறோம். அந்த நடுவுல ஜாக்கி வெச்சுத் தூக்கிடலாம், அதனால சென்டர் லாக் கட்டாயம் போடுங்க.

கேமரா மாட்டுறது எல்லாரும் செய்யுறது. ஆனா பதினஞ்சடி உயரத்துல மாட்டினா அவனோட தொப்பி மட்டும்தான் பதிவாகும். கேட்டுக்கிட்ட, முகம் தெரியுற உயரத்துல ஒண்ணாவது இருக்கணும். பதிவாகுற பெட்டியை டி.வி.க்குப் பக்கத்துல அலங்காரமா வைக்காதீங்க, போறப்போ அதையும் தூக்கிட்டுப் போறாங்க. பரண்ல, பழைய துணி மூட்டைக்குப் பின்னாடி வைங்க. மாசம் ஒரு தடவை பதிவு ஓடுதா, தேதி சரியா இருக்கான்னு பாருங்க.

இவ்வளவும் பண்ணியும் நடந்துட்டா எதையும் தொடாதீங்க, பெருக்காதீங்க. அழுகை வரும், அழுங்க, ஆனா திண்ணையில உட்கார்ந்து அழுங்க. 100-க்கோ 112-க்கோ அடிங்க. ஸ்டேஷன்ல புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில கொடுத்தா, அதுதான் எஃப்.ஐ.ஆர்.னு நினைச்சுட்டு வந்துடாதீங்க, ரெண்டும் வேற வேற. இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேணும், அதோட நகலை இலவசமாவே தரணும். 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்த சட்டப்படி, திருட்டு எந்த ஊர்ல நடந்திருந்தாலும் பக்கத்து ஸ்டேஷன்ல புகார் கொடுக்கலாம். பஸ்ல நகையைப் பறிகொடுத்தவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ ஒரே ஒரு வேலை. இன்னிக்கு சாயங்காலம் விளக்கேத்தினதும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து உங்க வாசக்கதவு ஆல்ட்ராப்புல ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி உள்ளங்கையில வெச்சுப் பாருங்க. சுண்டு விரல் நகத்தளவு இருந்தா, நாளைக்குக் காலையில முதல் வேலையா ஆசாரிக்கு போன் போடுங்க.