அங்க வளர்ச்சியை ஆராய வந்திருக்கும் தம்பிக்கு



ஓர் அங்கம் மறைந்ததற்குக் காரணம் டி.என்.ஏ.யின் இன்ன துணுக்குதான் என்று நீ சொல்ல முற்படும்போது, அதைக் கெடுத்துக் காட்டியதோடு திருப்தியடையாமல், கெட்டதைச் சீர்படுத்தியும் காட்ட வேண்டும் என்பதே என் முதல் யோசனை.

பாம்பின் கதையை எடுத்துக்கொள். கால் வளர்வதற்கு இன்றியமையாத சானிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் ஜீன் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் குடலுக்குங்கூட அவசியமாதலால், அது அடியோடு பழுதுபட்டால் சிசு பிழைப்பதே அசாத்தியம். ஆகவே பரிணாமம் கைவைத்த இடம் அந்த ஜீன் அன்று, எந்த அவயவத்தில் எந்தச் சமயத்தில் அது வேலை செய்யவேண்டுமென்று நிர்ணயிக்கும் என்ஹான்சர் என்ற துணுக்கே. இத்தகைய துணுக்கு தூரத்தில் இருந்துகொண்டே ஜீனைத் தூண்டவல்லது என்பதை 1981-இல் ஸூரிச்சில் பானர்ஜி, ருஸ்கோனி, ஷாஃப்னர் ஆகியோர் நிரூபித்தார்கள். கைகால்களுக்குரிய என்ஹான்சராகிய இசட்.ஆர்.எஸ்., மனிதரில் அந்த ஜீனிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு அப்பால், வேறொரு ஜீனின் நடுவே கிடக்கிறது. அதன் சில ஸ்தானங்களில் ஒரே எழுத்து பிறழ்ந்தாலும் குழந்தைக்குக் கட்டைவிரல் பக்கத்தில் மிகைவிரல் முளைத்துவிடுகிறது.

2016-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் சுண்டெலியின் இசட்.ஆர்.எஸ்.ஸை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் மனிதருடையதையும், சீலகாந்த் மீனுடையதையுங்கூட வைத்துப் பார்த்தபோது கால்கள் பழுதின்றி வளர்ந்தன. நாகத்தினுடையதையோ மலைப்பாம்பினுடையதையோ வைத்தபோது கால்கள் குறுகிக் குட்டையாயின. பாம்புகளில் தொலைந்துபோன 17 எழுத்துகளை மலைப்பாம்பின் துணுக்கில் மீண்டும் சேர்த்து வைத்ததும் சுண்டெலிக்குக் கால் திரும்பி வந்தது! அந்த ஆராய்ச்சியின் பெருமையெல்லாம் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்; ஏனெனில் எதையும் சிதைத்தால் ஏதேனும் கெடத்தான் செய்யும், சீர்படுத்தியபின் சரியானால்தான் அந்த 17 எழுத்துகள் மீது சுமத்திய பொறுப்பு ருசுவாகிறது.

ஆயினும் அந்த இழப்பினாலேயே பாம்பு முதன்முதலில் காலை இழந்தது என்று எழுதிவிடாதே. வேறு காரணங்களால் கால் தேய்ந்தபின், காப்பாற்றும் தேவை அற்றுப்போன என்ஹான்சர் சிறுகச் சிறுகச் சிதைந்திருக்கவும் கூடும். பின்னங்காலின் எச்சம் இன்னும் ஒட்டியிருக்கும் மலைப்பாம்பினத்தில் அத்துணுக்குக்குச் சிறிது சக்தி எஞ்சியிருப்பதும், நாகத்தில் அதுவும் போய்விட்டிருப்பதும், அழிவு ஒரேயடியாக நேரவில்லை என்பதற்குச் சாட்சி. ஆகவே நீ எந்தப் பிராணியை எடுத்துக்கொண்டாலும், அங்கத்தை முற்றிலும் இழந்த இனத்தோடு நின்றுவிடாமல், பாதி இழந்த அதன் உறவினங்களின் துணுக்குகளையும் சேர்த்துச் சோதித்துப் பார்.