கொட்டிக் கிடக்கும் ஆப்பிளில் சைடர்... கொஞ்சம் ஜாக்கிரதை!

"அம்மா, ஷெட்டுல கால் வைக்க இடமில்லே. எல்லாம் ஆப்பிள்!"

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கும் என் மகள் போனில் இப்படித்தான் அலுத்துக்கொண்டாள். தோட்டத்தில் மூன்றே மரம். காய்த்ததோ எண்பது கிலோ! நான் போய் இறங்கிய வாரம், பக்கத்து வீட்டுத் தாத்தா சைடர் போடச் சொல்லித்தர வந்துவிட்டார்.

சைடர் என்பது புளிக்கவைத்த ஆப்பிள் சாறு. மதுதான், சந்தேகமே வேண்டாம். (அமெரிக்காவில் மட்டும் புளிக்காத சாறையும் சைடர் என்பார்கள்.) அங்கே சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அது சட்டப்படி குற்றம். அதனால், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் கவனமாகப் படியுங்கள்.

தாத்தா முதலில் கையில் எடுத்தது புல்வாரி! மரத்தடியில் விழுந்த பழங்களை அள்ள ஆரம்பித்தார். அந்தப் புல்லில்தான் பக்கத்துப் பண்ணை ஆடுகள் மேய்கின்றன. "இது வேண்டாங்க" என்று தடுத்தேன். ஆடு, மாட்டுச் சாணத்தில் ஈ.கோலி O157 என்ற கிருமி இருக்கலாம். அது சாறில் கலந்தால் ரத்தபேதி. குழந்தைகளுக்குச் சிறுநீரகமே செயலிழக்கலாம். 1996-ல் அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாறு குடித்துப் பலர் படுத்தார்கள். ஒரு குழந்தை இறந்தே போனது. எங்கள் வீட்டிலோ, சாறு எப்போது வரும் என்று ஐந்து வயசுப் பேரன் டம்ளரோடு நிற்கிறான்!

பூஞ்சை பிடித்து அழுகிய பழமும் ஆகாது. அதில் பட்டூலின் என்ற நச்சு உண்டு. கொதிக்கவைத்தாலும் முழுசாகப் போகாது. மரத்தில் பறித்த நல்ல பழமாக ஐம்பது கிலோ பொறுக்கி, இரண்டு தண்ணீரில் கழுவினோம். புளிப்பும் இனிப்புமாகக் கலந்தால்தான் ருசி.

துண்டாக்கி, அரைத்து, துணியில் கட்டி அழுத்தினால் பத்து கிலோவுக்குச் சுமார் ஐந்து லிட்டர் சாறு. பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் மட்டுமே. பித்தளை, செம்பு, அலுமினியத்தை ஆப்பிள் புளிப்பு அரித்துவிடும். இதே டெவனில் அந்தக் காலத்தில் சைடர் குடித்தவர்களுக்குக் கடும் வயிற்றுவலியும் கை வாதமும் வந்தன. ஜார்ஜ் பேக்கர் என்ற டாக்டர் 1767-ல் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்: சைடர் ஆலைகளில் பூசியிருந்த காரீயம்! நம் ரசச் சொம்பு வெள்ளீயம்; அது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாலரை லிட்டருக்கு ஒரு சல்பைட் மாத்திரை போட்டு, ஒரு நாள் விட்டு, ஒயின் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். (ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த சல்பைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.) வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலும் இருக்க, தண்ணீர் அடைப்பான் பொருத்த வேண்டும். காற்று பட்டால் சைடர் இல்லை, வினிகர்தான்!

பல வாரம் நுரைத்து அடங்கும். அடங்கியது போலத் தெரிந்ததும் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். மிச்ச சர்க்கரை உள்ளேயே புளித்து, பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பாய்ந்தால் என்ன கதி? பால்காரரின் லாக்டோமீட்டர் மாதிரி ஹைட்ரோமீட்டர் கிடைக்கிறது. ஆரம்பத்தில் 1.050 காட்டியது 1.000-க்குப் பக்கத்தில் இறங்கி, பல நாள் அசையாமல் நிற்க வேண்டும்.

அப்போது அதில் ஆல்கஹால் ஆறு சதவிகிதத்துக்கு மேல். 'பழச்சாறுதானே' என்று அரை லிட்டர் குடித்தால் மூன்று யூனிட். பிரிட்டிஷ் மருத்துவ ஆலோசனைப்படி, வாரம் முழுவதற்கும் பதினாலு யூனிட்டைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒரு சொட்டும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது.

பேரனுக்காக ஐந்து லிட்டர் சாறைத் தனியே எடுத்து, ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தோம். விரிய இடம் வேண்டுமே... ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை காலியாக விட்டோம்.