கிரீன்லாந்தில் உருகும் பனி நாகைக் கடலை உயர்த்துமா?

கேள்வி: கிரீன்லாந்தில் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்கிறது என்று அடிக்கடி படிக்கிறேன். உருகிய தண்ணீர் முதலில் அங்குள்ள கடலைத்தானே உயர்த்தும்? நம் கரையை எட்ட எத்தனை காலமாகும்? இன்னொரு சந்தேகம்: மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் மாறாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, அண்டார்க்டிகாவின் மிதக்கும் பனி உடைந்தால் விஞ்ஞானிகள் ஏன் கவலைப்படுகிறார்கள்?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கிரீன்லாந்துப் பனி உருகும்போது அதன் கரையோரக் கடல் உயர்வதில்லை, தாழ்கிறது. முதல்முறை கேட்பவருக்கு நம்பச் சிரமமாக இருக்கும்.

காரணம் ஈர்ப்பு விசை. நிலவு இழுப்பதால் கடலில் ஓதம் எழுகிறது அல்லவா? கிரீன்லாந்தின் நடுவே 3 கிலோமீட்டர் தடிமன் வரை படிந்து கிடக்கும் பனிக்கும் அந்த இழுக்கும் சக்தி உண்டு. சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து, சற்று மேடாக வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய இழுப்பு தளர்கிறது. மேடாக நின்ற நீர் விலகிப் போகிறது. பாரம் குறைந்த நிலமும் மெல்ல மேலெழுகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கிரீன்லாந்தைச் சுற்றிச் சுமார் 2,000 கிலோமீட்டருக்குள் கடல் மட்டம் இறங்கும். ஐஸ்லாந்து இந்த வட்டத்துக்குள் வருகிறது. விலகிய நீர் தொலைவிலுள்ள கடல்களில் சேர்கிறது. வெப்பமண்டலக் கரைகளுக்கு, அதாவது நமக்கு, உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும்.

இது நேற்று முளைத்த கருத்தல்ல. பனியின் ஈர்ப்பு கடலை எவ்வளவு உயர்த்தும் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் ஆர். எஸ். வுட்வர்ட் 1888-லேயே கணக்கிட்டார். ஒவ்வொரு பனிப்பரப்பும் உருகும்போது உலகக் கடல்களில் தனக்கே உரிய ஏற்ற இறக்கத்தை விட்டுச்செல்கிறது என்று 2001-ல் புவி இயற்பியலாளர் ஜெர்ரி மிட்ரோவிகா குழுவினர் எழுதினார்கள். இத்துறையினர் அதைக் கைரேகை என்றே சொல்கிறார்கள்.

எத்தனை காலமாகும் என்று கேட்டீர்கள். அங்கே உருகிய அதே தண்ணீர் இங்கே ஓடி வர வேண்டியதில்லை. ஓரிடத்தில் நீர் சேர்ந்ததும் அந்த அழுத்தம் அலையாகப் பரவுகிறது. ஆழ்கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; 2004 சுனாமி ஆழ்கடலைக் கடந்ததும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான். ஆகவே மட்டம் சரிசெய்து கொள்ள நூற்றாண்டுகள் வேண்டாம், நாள்கணக்கு போதும்.

கடலை இழுக்கும் அதே ஈர்ப்பை வைத்துத்தான் பனியையும் எடை போடுகிறார்கள். நாசாவும் ஜெர்மனியும் 2002-ல் ஏவிய 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை அதிகமுள்ள இடம் வந்தால் முன்னே செல்வது முதலில் இழுபட்டு, இடைவெளி மயிரிழையினும் சிறிதாக மாறும். அதை அளந்தே பனியின் எடையைக் கண்டார்கள். 2018 முதல் அடுத்த இணை அந்த வேலையைச் செய்கிறது. இவை சொல்லும் கணக்கில் கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழக்கிறது; அண்டார்க்டிகாவின் இழப்பு ஏறக்குறைய அதில் பாதி. 36,000 கோடி டன் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும்.

மிதக்கும் பனி பற்றிப் பள்ளியில் படித்தது சரிதான். அண்டார்க்டிகாவில் கவலை, மிதக்கும் பனித்தட்டுக்குப் பின்னால் நிலத்தின் மீது நிற்கும் பனியைப் பற்றியது. மிதக்கும் தட்டு கதவுக்குக் கொடுத்த முட்டுக்கட்டை போல அதைத் தாங்கி நிற்கிறது. 2002 தொடக்கத்தில் 'லார்சன் பி' தட்டில் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியது. கடல் உடனே உயரவில்லை. ஆனால் பின்னாலிருந்த பனியாறுகள் வேகமெடுத்தன. சில எட்டு மடங்கு வரை.

லார்சனைவிட இன்று அதிகம் கண்காணிக்கப்படுவது மேற்கு அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு. முகப்பு மட்டும் சுமார் 120 கிலோமீட்டர் அகலம். அது அமர்ந்திருக்கும் தரை கடல் மட்டத்துக்குக் கீழே, உள்ளே போகப் போக மேலும் ஆழமாகிறது. வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. 2020-ல் சுமார் 600 மீட்டர் பனியைச் சுடுநீரால் துளைத்து 'ஐஸ்ஃபின்' என்ற ரோபோவை இறக்கிப் பார்த்தார்கள். தட்டையான அடிப்பரப்பு எதிர்பார்த்ததைவிட மெதுவாகவும், வெடிப்புகளும் படிக்கட்டு போன்ற சரிவுகளும் மிக வேகமாகவும் கரைவது தெரிந்தது. ஒரே எண்ணில் வேகத்தைச் சொல்ல முடியாமல் ஆய்வாளர்கள் திணறுவது இதனால்தான். த்வைட்ஸ் முழுவதும் போனால் உலகக் கடல் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும்.

ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, கரிம உமிழ்வை வேகமாகக் குறைத்தால் 2100-க்குள் உயர்வு 28 முதல் 55 சென்டிமீட்டர். மிக அதிக உமிழ்வு தொடர்ந்தால் 63 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர். இவை உலகச் சராசரிகள். நாகையில் கடற்சுவரோ துறைமுகமோ கட்டுபவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரு துருவங்களுக்கும் தொலைவில் இருக்கும் நமக்கு இரண்டிலிருந்தும் சராசரிக்கு மேலான பங்கு வரும். கிரீன்லாந்துக்கு எவ்வளவு, மேற்கு அண்டார்க்டிகாவுக்கு எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டு, அதனுடன் உள்ளூரில் நிலம் தாழ்கிறதா என்பதையும் அளந்து சேர்க்க வேண்டும்.