விடியும்வரை காத்திருக்கலாமா?

அதிகாலை மணி ஐந்து. தாத்தா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. இடது தோளும் வலிக்கிறதாம்.

"வாயுப் பிடிப்புதான். தைலம் தேய்த்தால் சரியாகிவிடும். விடிந்த பிறகு பலதுறை மருந்தகத்துக்குப் போய்க்கொள்ளலாம்," என்கிறார். பாட்டி தைலப் புட்டியைத் தேடுகிறார்.

நம் வீடுகளில் நடக்கக்கூடிய காட்சிதான் இது. தாத்தா சொல்வதுபோல் அது வாயுவாகவே இருக்கலாம். ஒருவேளை அது மாரடைப்பாக இருந்தால், விடியும்வரை அவர் காத்திருக்கும் நேரத்தில் இதயத்தில் என்ன நடக்கும்?

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 முறை துடிக்கிறது. ஓயாமல் உழைக்கும் அந்தத் தசைக்கும் உயிர்வளி வேண்டும். அதை இதயத்தின் மேற்பரப்பில் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் இரத்தக் குழாய்கள் கொண்டுசேர்க்கின்றன. இவற்றின் அகலம் சில மில்லிமீட்டர்தான். பல ஆண்டுகளாக இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படியக்கூடும். ஒருநாள் அந்தப் படிவின் மேலுறை கிழிந்தால், உடல் அதைக் காயம் என்றே எடுத்துக்கொண்டு அங்கே இரத்தத்தை உறைய வைக்கிறது. கையில் கத்தி பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே செயல், இங்கே குழாயை அடைத்துவிடுகிறது.

குழாய் அடைபட்டதும் தசை முழுவதும் உடனே இறந்துவிடுவதில்லை. முதலில் உட்பகுதி பாதிக்கப்படுகிறது. பிறகு அந்தப் பாதிப்பு அலைபோல் வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது. 1977ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நாய்களின் இதயக் குழாயை அடைத்து, வெவ்வேறு நேரங்களில் திறந்து பார்த்தார்கள். 40 நிமிடத்தில் திறந்தபோது, ஆபத்திலிருந்த தசையில் பாதிக்கும் மேல் பிழைத்திருந்தது. 6 மணி நேரம் கழித்துத் திறந்தபோது பெரும்பகுதி இறந்துபோயிருந்தது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. அந்த இடத்தில் தழும்புதான் உண்டாகும். தழும்பு சுருங்கி விரியாது. அதனால்தான் மாரடைப்பிலிருந்து உயிர் பிழைத்தவர்களில் சிலருக்கு, பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது இன்று நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால், ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைப்பதே பெரிய சிகிச்சையாக இருந்தது. உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் எப்படி நுழைவது என்று எவருக்கும் தெரியவில்லை.

1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் துணிச்சலான ஒரு செயலைச் செய்தார். தம் கையின் இரத்த நாளத்தில் மெல்லிய குழல் ஒன்றைச் செருகி, இதயம்வரை தள்ளினார். பிறகு ஊடுகதிர் அறைக்கு நடந்தே சென்று, குழல் இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார்! பாராட்டுக்கு மாறாக, அவருக்குக் கண்டனமே கிடைத்தது. 1956இல்தான் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. (இத்தகைய சோதனையை வீட்டில் எவரும் செய்து பார்க்க மாட்டீர்கள் என நம்புகிறோம்.)

இதயத்தை எட்டிய குழல் காலப்போக்கில் பல வேலைகளுக்குப் பயன்பட்டது. 1980இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகர மருத்துவர்கள், மாரடைப்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள் நோயாளிகளின் இதயக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குக் குழாய் முற்றாக அடைபட்டிருந்தது. இரத்தக்கட்டி மாரடைப்பின் காரணமா, விளைவா என்று அதுவரை நீடித்த வாதம் பெரும்பாலும் ஓய்ந்தது. 1986இல் இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயனைக் காட்டியது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 9 மணி நேரம் கடந்து பெற்றவர்களுக்கு அத்தகைய பயன் தெரியவில்லை. மருந்து ஒன்றுதான், நேரம்தான் வேறு.

இதற்கிடையில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், குழலின் நுனியில் பொருத்தக்கூடிய மிகச் சிறிய பலூனைத் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16ஆம் தேதி, நெஞ்சுவலியால் அவதிப்பட்ட ஒருவரின் குறுகிய இதயக் குழாயை அந்தப் பலூனால் விரித்தார். அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பின்போதே பலூனைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்று மணிக்கட்டு வழியாகவே குழலைச் செலுத்தி, பலூனை விரித்து, குழாய் மீண்டும் சுருங்காதிருக்க ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழலை வைக்கிறார்கள்.

நோயாளி வந்து சேர்ந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு. அந்தக் கடிகாரம் மருத்துவமனை வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. தாத்தாவின் கடிகாரமோ, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது. முதல் மணி நேரம் மருத்துவர்களின் கையில் இல்லை. வீட்டில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

ஆகவே, பேரனோ பேத்தியோ உடனே 995ஐ அழைக்க வேண்டும். டாக்சியில் போனால் விரைவு என்று தோன்றலாம். ஆனால், வழியில் இதயம் நின்றுவிட்டால் ஓட்டுநரால் என்ன செய்ய முடியும்? அவசர மருத்துவ வாகனத்தில் இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கும் மின்னதிர்ச்சிக் கருவி உண்டு. வழியிலேயே இசிஜி எடுக்கவும் முடியும். அழுத்தும் வலி நெஞ்சில் மட்டும் வரும் என்பதும் இல்லை. தாடையில், முதுகில், கையில் தோன்றலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வெறும் மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ வரக்கூடும்.

பரிசோதனையில் அது வாயுப் பிடிப்புதான் என்று தெரிந்தால், தாத்தா சற்று வெட்கத்தோடு காலைச் சிற்றுண்டி நேரத்துக்கு வீடு திரும்புவார். "நான் அப்போதே சொன்னேனே!" என்பார். பாட்டி அதற்குள் தைலப் புட்டியைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்.